தன்னார்வலர் பட்டறையில் கோத்த சைக்கிள்: ஐந்து வருடம் ஓட்டிய பிறகு

தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு சைக்கிள் பட்டறையில் நானே உட்கார்ந்து கோத்த வண்டி இது. ஐந்து வருடமாக வேலைக்கும் கடைக்கும் இதில்தான் போய் வருகிறேன். புதிதாக வாங்குவதா, இப்படிக் கட்டிக்கொள்வதா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். என் பதில், நேரம் இருந்தால் கண்டிப்பாகக் கட்டுங்கள்.

அங்கே யாரும் நம் வண்டியைச் சரிசெய்து தரமாட்டார்கள். பக்கத்தில் நின்று சொல்லித்தருவார்கள், ஸ்பேனர் நம் கையில்தான் இருக்கும். நான் சேர்ந்த இடத்தில் இத்தனை மணி நேரம் வேலை செய்தால் ஒரு பிரேமும் பாகங்களும் நமக்கு என்று ஏற்பாடு, அதனால் முதல் சில வாரங்கள் தானமாக வந்த பழைய வண்டிகளைக் கழற்றிப் பாகம் பிரிப்பதும் டியூபுக்குப் பேட்ச் போடுவதும்தான். அலுப்பான வேலைதான், ஆனால் பத்து வண்டியைக் கழற்றினவருக்கு இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, கைக்கே தெரிந்துவிடும்.

எனக்குக் கிடைத்தது ஒரு பழைய ஸ்டீல் பிரேம். சீட்டைத் தாங்கும் அலுமினியக் குழாயான சீட் போஸ்ட் உள்ளே இறுகிப்போயிருந்தது. அலுமினியம் ஸ்டீலோடு ஈரத்தில் கிடந்தால் அரித்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டு வாரம் துரு இளக்கும் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், அசையவில்லை. அங்கே இருந்த அக்கா ஒருவர், "போஸ்டை வைஸில் கவ்வ வைங்க, பிரேமையே கைப்பிடியா வச்சுத் திருப்புங்க" என்றார். வைஸ் என்பது மேசையில் பொருத்திய இறுக்கிப் பிடிக்கும் கருவி. பிரேமைத் தலைகீழாக்கி, வைஸை இறுக்கி, இரண்டு கையாலும் பிரேமைப் பிடித்துச் சுற்றினேன். டக்கென்று ஒரு சத்தம். வெள்ளைப் பொடி உதிர உதிர, அரை விரல் அரை விரலாக வெளியே வந்தது. அவர் கடைசிவரை கையே வைக்கவில்லை. இன்றைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போஸ்டை உருவித் துடைத்துக் கிரீஸ் தடவித்தான் திரும்பப் போடுகிறேன்.

அப்புறம் சக்கரம். பிரேம் 27 அங்குலச் சக்கரத்துக்கானது, ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ. அதற்கு டயர் தேடுவது சிரமம் என்று 622 மி.மீ. ரிம் உள்ள, 700சி என்கிற சக்கரங்களைப் போட்டேன். பிரேக் கட்டைகளை 4 மி.மீ. கீழே இறக்க வேண்டியிருந்தது, நல்லவேளையாக பிரேக் கையில் அதற்கு இடம் இருந்தது. பின்பக்கம் சக்கரம் உட்காரும் பிரேமின் இடைவெளி 126 மி.மீ., சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் 130. ஸ்டீல் என்பதால் பக்கத்துக்கு 2 மி.மீ. விரித்துப் பொருத்த முடிந்தது. அலுமினிய பிரேமில் இதைச் செய்யவே கூடாது.

சரி, ஐந்து வருடத்தில் என்ன தேய்ந்தது? செயினில் ஒரு ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்கு அரை அங்குலம், 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம். அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டதுமே மாற்றிவிட வேண்டும். முதல் தடவை நான் அளந்தே பார்க்காமல் ஓட்டினேன், பின் சக்கரத்தில் இருக்கும் பற்சக்கரத் தொகுப்பான கேசட்டின் பற்களும் சேர்ந்து தேய்ந்து, புதுச் செயின் போட்டதும் மிதிக்கும்போதெல்லாம் தாவியது. இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு வருடம் கழித்து, பெடல் கைகள் இரண்டையும் இணைக்கும் நடு அச்சில் கிறீச்சென்று சத்தம். அந்த அச்சைப் பிரேமில் பிடித்துவைக்கும் செயின் பக்கத்துக் கப்பை நான் போதுமான அளவு இறுக்காமல் விட்டிருக்கிறேன், அதுவும் எதிர்ப்பக்க மரைதான். பின் ஹப்பில், பால் எனப்படும் எஃகுக் குண்டுகள் உருளும் கூம்புத் துண்டான கோன் ஒன்றில் குழி விழுந்தது. அதற்கு ஜோடியான கோனைப் பட்டறையின் இழுப்பறைகளில் தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் போனது, ஆனால் கிடைத்தது. பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குல பால்களையும் புதிதாகப் போட்டுவிட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. வாரத்தில் சில மாலைகள்தான் திறந்திருக்கும், வண்டியைத் தூக்கி மாட்டும் ஸ்டாண்டுக்குக் காத்திருக்க வேண்டும். நாளைக்கே வண்டி வேண்டும் என்றால் அங்கே போகாதீர்கள். ஒருவர் சொன்னதை அடுத்த வாரம் இன்னொருவர் மாற்றிச் சொல்வதும் உண்டு. எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது, எடுத்த கருவியை எடுத்த இடத்தில் வைக்காமல் போகிறவர்கள்மீதுதான். ஒரு ஸ்போக் சாவி காணாமல் போனால் அன்றைக்குச் சக்கரத்தின் கோட்டம் எடுக்க வந்த அத்தனை பேருக்கும் வேலை நின்றுவிடுகிறது.

இப்போது வாரம் ஒரு மாலை நானும் அங்கே சொல்லித்தருகிறேன். ஸ்போக்கைக் கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. என் வண்டியின் பின் ரிம்மில் பிரேக் கட்டை உரசும் பக்கம் குழிந்துவிட்டது, விரலால் தடவினாலே தெரிகிறது. அதே அளவு ரிம் ஒன்று சுவரில் தொங்குகிறது. பழைய ஸ்போக்குகளே பொருந்துமா என்று அளந்து பார்த்துவிட்டேன், பொருந்தும். வருகிற வாரம் கோக்கப்போகிறேன்.