ஆக்சிஜன் சென்சார் போச்சா? ஸ்கேனர், மல்டிமீட்டர், மாற்றிப் பார்ப்பது: எதை நம்பலாம்

செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரைச் செருகிப் பார்த்தவர் பி0131 என்ற கோடை (பழுதுக் குறியீட்டை) காட்டி, "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார். மாற்றினோம். சில ஆயிரம் ரூபாய் போனது. பத்து நாள் கழித்து அதே விளக்கு, அதே கோடு. நல்லவேளை, பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டு வைத்திருந்தேன்.

ஆக்சிஜன் சென்சார் என்பது எக்ஸாஸ்ட் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று பார்த்து, அதை என்ஜின் கம்ப்யூட்டருக்கு வோல்டேஜாகச் சொல்லும் கருவி. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் இருப்பது முன் சென்சார், பின்னால் இருப்பது பின் சென்சார். பி0131 என்றால் "முன் சென்சாரின் வோல்டேஜ் குறைவாக இருக்கிறது", அவ்வளவுதான். சென்சார் செத்துவிட்டது என்று அந்தக் கோடு எங்கேயும் சொல்லவில்லை. பெட்ரோல் கார்களில் பரவலாக இருக்கும் ஜிர்கோனியா வகை சென்சார், புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும். பெட்ரோல் அதிகமானால் 0.9 பக்கம் ஏறும். காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு 1 என்ற எடைக் கணக்கில் சேரும் இடம் 0.45-ஐ ஒட்டி வரும். சூடான என்ஜினில் முன் சென்சார் அந்த 0.45-க்கு மேலும் கீழுமாக ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டம் நின்றால்தான் சந்தேகம். அப்போதும் சென்சார் பொய் சொல்கிறதா, உண்மையைச் சொல்லி அடி வாங்குகிறதா என்ற கேள்வி மிச்சம் இருக்கும்.

இதற்குப் பதில் தேட மூன்று வழி உண்டு. கடையில் அதிகம் நடப்பது, சென்சாரை மாற்றிப் பார்ப்பது. நேரம் மிச்சம், ஆனால் சோதனைச் செலவு முழுக்க நம் தலையில். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் பி0133, அதாவது சென்சார் மெதுவாக வேலை செய்கிறது என்ற கோடு வந்தால் நானும் அதிகம் யோசிக்காமல் மாற்றிவிடுவேன். மற்றபடி இது சூதாட்டம். பி0420 வந்ததும் பின் சென்சாரை மாற்றுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அந்தக் கோடு பெரும்பாலும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பற்றியது.

இரண்டாவது, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி (பழுதறியும்) சாக்கெட்டில் செருகும் புளூடூத் கருவியும் போனும். கருவி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. கோடைப் படிப்பதற்கு மட்டும் இதை வைத்துக்கொண்டால் பாதிப் பயன்தான். நேரலையாக ஓடும் வோல்டேஜ் வரைபடத்தில்தான் விஷயம் இருக்கிறது. மலிவான கருவி மெதுவாகத்தான் தரவு எடுக்கும். ஆகவே திரையில் பத்து மீட்டரை நிரப்பாமல் முன் சென்சாரை மட்டும் வைத்துப் பாருங்கள். பிறகு ஃப்யூவல் ட்ரிம் எண்ணை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை, தனியாகப் பாருங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டலில் நின்றால் என்ஜின் எங்கோ கூடுதல் காற்றைப் பார்க்கிறது, அல்லது பெட்ரோல் போதவில்லை. (இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் எத்தனாலே ஆக்சிஜனைச் சுமந்து வருவதால் ட்ரிம் கொஞ்சம் கூட்டலில் இருக்கும். அதற்காக சென்சாரைத் திட்ட வேண்டாம்.)

மூன்றாவது மல்டிமீட்டர். பழைய ஆட்கள் இதைத்தான் நம்புவார்கள். ஆனால் வோல்டேஜ் ஆட்டத்தைப் பார்க்க இது சரிப்படாது. எண் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் மாறும், சென்சாரின் வேகம் கண்ணுக்குச் சிக்காது. முள் வைத்த பழைய மீட்டர் என்றால் சிக்னலையே கீழே இழுத்துவிடும். சிக்னல் ஒயரில் ஓம் வைத்து அளந்தால் சென்சாரே கெட்டுப்போகலாம். ஆனால் சென்சாருக்குள் இருந்து அதைச் சூடாக்கும் ஹீட்டர் விஷயத்தில் இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஹீட்டர் கோடான பி0135 வந்தால் கனெக்டரைக் கழற்றி, ஒரே நிறத்தில் உள்ள இரண்டு ஒயர்களுக்கு இடையே ஓம் பாருங்கள். வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒற்றை இலக்கத்திலோ பத்தை ஒட்டியோ காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. ஓப்பன் (உள்ளே இணைப்பு அறுந்தது) என்று காட்டினால் சென்சார் போனதுதான், விவாதமே இல்லை. ஹீட்டர் சரியாக இருந்தால் அடுத்து ஃபியூஸ், பிறகு என்ஜின் ஓடும்போது வண்டிப் பக்க கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். எலி கடித்த ஒயருக்காக சென்சார் வாங்கியவர்கள் உண்டு.

என் வண்டிக்கு வருவோம். புது சென்சாரும் ஐடிலில் 0.1-லேயே படுத்துக் கிடந்தது. வண்டியை நிறுத்தி வைத்து ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்து விட்டேன். மிதித்ததும் பெட்ரோல் கூடி வோல்டேஜ் ஏற வேண்டும், விட்டதும் பெட்ரோல் நின்று பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்க வேண்டும். 0.85-க்குத் துள்ளி, விட்டதும் விழுந்தது. அப்படியென்றால் சென்சார் நன்றாகவே பார்க்கிறது, ஐடிலில் மட்டும் அதன் முன்னால் காற்று வருகிறது. மறுநாள் காலை, குளிர்ந்த என்ஜினில் பானெட்டைத் திறந்து வைத்துக் கேட்டேன். என்ஜினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் டிக், டிக், டிக். சூடானதும் சத்தம் அடங்கிவிட்டது. எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு. புகை விட்டுவிட்டுத்தான் வெளியேறும். இரண்டு துடிப்புக்கு நடுவே அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. சென்சார் அதைப் பார்த்து "ஆக்சிஜன் அதிகம்" என்கிறது, கம்ப்யூட்டர் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டுகிறது. மைலேஜ் குறைந்த காரணமும் அதுதான்.

இந்த மிதிச் சோதனையை மல்டிமீட்டரிலும் செய்யலாம், ஆனால் கனெக்டரின் பின்னால் குண்டூசி செருகி, சூடான சைலன்சர் பக்கம் கையை வைத்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும், இன்னொருவர் மிதிக்க வேண்டும். போனில் என்றால் சீட்டில் உட்கார்ந்தபடியே முடிந்துவிடும். அதனால் என் வரிசை: முதலில் போன், ஹீட்டர் கோடு வந்தால் மட்டும் மல்டிமீட்டர், கடைசியாகத்தான் ஸ்பேனர். ஒரு விலக்கு உண்டு: வைட்பேண்ட் சென்சார் (காற்று-பெட்ரோல் விகிதத்தைப் பரந்த அளவில் அளக்கும் வகை) உள்ள வண்டிகளில் இந்த 0.1, 0.9 கணக்கு செல்லாது. அது மின்னோட்டத்தில் பேசுகிறது, ஸ்கேனர் தரவுதான் வழி.

கேஸ்கெட் மாற்றியதும் ஒரு குறும்புக்காகப் பழைய சென்சாரையே திரும்ப மாட்டிப் பார்த்தேன். 0.1, 0.8, 0.2, 0.8 என்று ஜோராக ஆடியது. புதியது இப்போது டிக்கியில் ஸ்பேராகக் கிடக்கிறது.