இறக்கையைப் பிடுங்கின பத்மினி: மூன்றரை வருஷ அனுபவம்

வண்டி விவரம் முதலில். பிரீமியர் பத்மினி, 1984 மாடல், 1089 சிசி பெட்ரோல் எஞ்சின், ஸ்டீயரிங் தண்டில் ஹேண்ட் கியர். 2020 டிசம்பரில் 48,000 ரூபாய்க்கு வாங்கினேன். வேலையெல்லாம் முடிந்து ரோட்டில் இறங்கியது 2022 மார்ச்சில். அன்றிலிருந்து 19,000 கிலோமீட்டர் சொச்சம் ஓடியிருக்கிறது. வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல் பக்கம், வேலை தக்கலையில். அடைமழை இல்லாத நாளெல்லாம் இதில்தான் போக்குவரத்து. பழைய காரை வாங்கி ஹாட் ராட் (உருவத்தையும் ஓட்டத்தையும் நம் இஷ்டத்துக்கு மாற்றுவது) பண்ணிப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் கைக்கு வந்தபோதே அது ஒருவர் 'ஹாட் ராட்' பண்ணி முடித்திருந்த வண்டி. கிளிப்பச்சை பெயிண்ட். பானெட்டில் காற்று இழுக்கிற மாதிரி ஒரு ஃபைபர் மூக்கு. கழற்றினால் அடியில் தகடு ஓட்டையே இல்லாமல் முழுசாக இருந்தது. டிக்கி மேல் ஒன்றரை அடி உயரத்தில் இறக்கை. நாற்பது சொச்சம் குதிரைச்சக்தி வண்டிக்கு இறக்கை! கூரையை வெட்டி எந்தக் காரிலிருந்தோ எடுத்த சன்ரூஃப். முன் ஸ்பிரிங்கை வெட்டி மூக்கைத் தாழ்த்தி, பின்னால் தூக்கி, படுக்கப்போகிற மாடு மாதிரி முன்னங்கால் மடிந்து நின்றது. மட்கார்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு அகல டயர்.

எங்கள் டிரைவர் மாமா அரசுப் பேருந்து ஓட்டி ரிட்டயர் ஆனவர். வாசலில் பார்த்ததும் கேட்டார்: "இந்தச் சவத்த என்னத்துக்குடே வாங்கின?"

அவரையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர். கோட்டாறில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி, குளச்சலில் போட் எஞ்சின் வேலை பார்க்கும் தம்பி, பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் வாத்தியார், கடைசியில் பணம் கொடுக்கிற நான். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல்தான் வேலை. அண்ணாச்சி மட்டும் கூலி வாங்கினார். மற்றவர்களுக்குச் சாயாவும் பழம்பொரியும்.

முதல் ஞாயிறு ஒரு ஆணிகூட கழற்றவில்லை. பழைய ஸ்பீக்கரில் இருந்து பிடுங்கின காந்தத்தை ஒரு துணியில் சுற்றி, அண்ணாச்சி வண்டி உடம்பெல்லாம் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். கதவு மேல்பாதியில் பற்றியது. கீழ்ப்பாதியில் வழுக்கி விழுந்தது. பின் சக்கர வளைவில் நிற்கவே இல்லை. அந்த இடத்தில் சுத்தியலின் பின்பக்கத்தால் ஒரு தட்டு தட்டினார். உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி (பள்ளம் நிரப்பப் பூசும் பசை) பெயர்ந்து விழுந்தது, விரல் கனம் இருக்கும். உள்ளே கோழி வலை, வலைக்குப் பின்னால் சுருட்டித் திணித்த செய்தித்தாள். தகடே இல்லை. "மக்கா, நீ கார் வாங்கல, பேப்பர் வாங்கியிருக்க" என்றார். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் பாக்கெட்டில் ஒரு காந்தம் போட்டுக்கொண்டு போங்கள். நான் கொண்டுபோகவில்லை.

அடுத்த இரண்டு மாதமும் சண்டைதான். வாத்தியாருக்குக் கம்பெனியில் இருந்து வந்த மாதிரியே ஆக்கிவிட வேண்டும். தம்பிக்கு ஹாட் ராட் என்றால் ஹாட் ராட்தான். எனக்கு ஒருபடி மேலே ஆசை: முன் மட்கார்டில் தீ ஜுவாலை வரைய வேண்டும். வாத்தியார்தான் ஒருநாள் உட்கார வைத்துச் சொன்னார். அமெரிக்காவில் 1930-களில் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய ஃபோர்டுகளை வைத்துப் பந்தயம் விட்ட பையன்கள் ஆரம்பித்து வைத்த சங்கதி இது. அவர்கள் மட்கார்டைக் கழற்றியது அழகுக்கு இல்லை, எடை குறையத்தான். 1932-ல் ஃபோர்டு சாதாரண விலைக் காரில் வி8 எஞ்சினைப் போட்டதும் அதைத் தேடிப்பிடித்து மாட்டினார்கள். "அவன் தேவையில்லாததக் கழட்டினான். நம்ம ஆளு தேவையில்லாதத ஒட்டியிருக்கான்" என்றார். எனக்கு உறைத்தது. ஆனாலும் ஜுவாலை ஆசை போகவில்லை. பிரைமர் அடித்து நின்ற வண்டியில் சாக்பீஸால் வரைந்து ஒரு வாரம் அப்படியே விட்டோம். நாலாம் நாளே எனக்குப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. யாரும் பார்க்காத நேரம் நானே துடைத்தேன்.

சட்டமும் ஒரு காரணம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. அதனால் ஒரு முடிவுக்கு வந்தோம்: வெட்டினதை ஒட்டுவது, ஒட்டினதைக் கழற்றுவது, புதிதாக எதையும் வெட்டாமல் இருப்பது. ஸ்டைல் பண்ணுவதெல்லாம் ஸ்பேனரால் திருப்பி எடுக்கக்கூடிய விஷயத்தில் மட்டும். நிறம்? ஆர்.சி. புத்தகத்தில் ஐவரி என்று இருந்தது, ஐவரியே அடித்தோம். ரிம் மட்டும் கொல்லாம்பழச் (முந்திரிப்பழச்) சிவப்பு, நடுவில் சின்னக் குரோம் கப். பழைய ஹாட் ராட் படங்களில் வெளிர் உடம்பும் சிவப்பு ரிம்மும் பார்த்திருப்பீர்கள், அந்தச் சாயல். முன்பக்கத்தை ஒரு இன்ச் போலத் தாழ்வாக வைத்தோம், அதுவும் ஸ்பிரிங்கை வெட்டி இல்லை.

ஸ்பிரிங் விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுருளை வெட்டினால் வண்டி தாழும், சரிதான். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பும் கூடும் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்த வண்டியை முதல்முதலாக வீட்டுக்கு ஓட்டி வந்தபோது வில்லுக்குறி தாண்டுவதற்குள் என் முதுகு சொல்லிவிட்டது. ஒவ்வொரு குழியிலும் அகல டயர் மட்கார்டை நக்கியது. நல்ல ஜோடி ஸ்பிரிங்கும், 14 இன்ச் இரும்பு ரிம்மும், அதற்கேற்ற ஒல்லி ரேடியல் டயரும் போட்டதும் ஸ்டீயரிங் பாதி எடை இறங்கின மாதிரி ஆகிவிட்டது. செலவு செய்ததிலேயே முதல் நாளே பலன் தெரிந்தது இதுதான்.

கூரை வேலைதான் எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்த வேலை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு பழைய இரும்புக்கடையில் நசுங்கிக் கிடந்த பத்மினியின் கூரையில் இருந்து, ஓட்டையை விடக் கொஞ்சம் பெரிதாகத் தகடு வெட்டி வாங்கி வந்தோம். புதுத் தகடு போட்டால் அந்த வளைவு வராது. அண்ணாச்சி ஒரு மூலையில் ஒரு பொட்டு வெல்டிங் வைப்பார், உடனே எதிர் மூலைக்குப் போவார், பிறகு நடுவில் ஒன்று. ஒவ்வொரு பொட்டுக்கும் ஈரச்சாக்கு. அவசரப்பட்டு ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்து போகும். தம்பி கேட்காமல் ஒரு ஓரத்தில் இழுத்துவிட்டான். மறுநாள் அந்த இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கினால் பிஸ்கட் டின் மூடி மாதிரி 'டொப்' என்று உள்ளே போய், விட்டால் 'டப்' என்று வெளியே வந்தது. அண்ணாச்சி திட்டவில்லை. காஸ் டார்ச்சை எடுத்து ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தகட்டைச் சிவக்க வைத்தார், அடியில் டாலியை (அடி தாங்கும் இரும்புக் கட்டி) கொடுத்துச் சுற்றிலும் நாலு தட்டு, மேலே ஈரத்துணி. 'சுர்' என்று ஆவி வந்தது. இப்படி ஏழெட்டுப் பொட்டு. பிறகு தட்டினால் 'டிண்' என்று கேட்டது. "கொள்ளாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு பீடி பற்ற வைக்கப் போனார். மூன்றரை வருஷ மழை பார்த்தாயிற்று. அந்தக் கூரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பெயிண்ட்டில் தப்பு என்னுடையது. 2021 ஆனி மாதச் சாரலில் அடிக்கச் சொல்லிப் பெயிண்டரை அவசரப்படுத்தினேன். அவர் "தை வரட்டும்" என்றார், நான் கேட்கவில்லை. மலிவுக்காக டூகோ என்ற பழைய வகைப் பெயிண்ட் வேறு. காற்றில் ஈரம் இருந்தால் அது பூத்துப்போகும்; மேலே சாம்பல் படிந்த மாதிரி ஆகிவிட்டது. 22,000 ரூபாயைச் சுரண்டி எடுத்துவிட்டு, 2022 தையில் பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட் அடித்தோம். அதுதான் இப்போதும் இருக்கிறது, மினுக்கம் முக்கால்வாசி அப்படியே.

இனி நீண்டகாலக் கதை. கடலோரத்தில் பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு எதிரி ஒன்றுதான்: உப்புக்காற்று. தம்பி படகில் செய்கிற மாதிரி அடியில் துத்தநாகக் கட்டி போல்ட் போடலாம் என்றான். வாத்தியார் விளக்கினார்: படகு உப்புத்தண்ணீரில் மூழ்கியே கிடக்கிறது, தண்ணீர் வழியாக மின்னோட்டம் சுற்றுவதால் துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும், ரோட்டில் நிற்கிற காருக்கு அந்தத் தண்ணீர் எங்கே? அதனால் துத்தநாகத்தைப் பிரைமராக இரும்போடு ஒட்டிப் பூசினோம். கதவு அடியிலும் அதற்குக் கீழே ஓடும் சில் என்ற தகட்டுப் பெட்டியிலும் தண்ணீர் வடிகிற ஓட்டைகளைப் பழைய ஆள் பட்டி போட்டு அடைத்திருந்தார், அதையெல்லாம் திறந்தோம். மாதம் ஒருமுறை ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பார்க்கிறேன். மண், இலை, ஒருமுறை செத்த ஓணான். அழகுக்குச் செய்த எந்த வேலையையும் விட இந்தக் கம்பிதான் வண்டியைக் காப்பாற்றியிருக்கிறது. இருந்தும் இடது பின் சக்கர வளைவில், பேப்பர் இருந்த அதே இடத்தில், இந்த வருஷம் இரண்டு கொப்புளம் வந்திருக்கிறது. உள்பக்கம் பிரைமர் எட்டாத மூலை.

பிரேக்: எங்கள் வண்டியில் நாலு சக்கரமும் டிரம், ஒரே சர்க்யூட். ஒரு இடத்தில் கசிந்தால் நாலும் போச்சு. 2023-ல் தோட்டியோடு தாண்டி வரும்போது பெடல் மெதுவாகத் தரையைத் தொட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஓரம் கட்டினேன். பின் வீல் சிலிண்டர் உள்ளே துரு. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் என்று தெரியும். வாங்கும்போதே மாற்றியாயிற்று என்று மிதப்பில் இருந்துவிட்டேன். இப்போது பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுகிறேன்.

சூடு: மார்த்தாண்டத்தில் மேம்பாலத்தில் ஏறாமல் கீழே மார்க்கெட் வழியாகப் போனால் முள் மேலே ஏறும். ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மாருதி 800 ஃபேன் மாட்டிய பிறகு பிரச்சினை இல்லை. பெட்ரோலில்தான் புதுத் தலைவலி. எத்தனால் 20 சதவீதம் கலக்க ஆரம்பித்ததும் பழைய ரப்பர் ஹோஸ்கள் ஊறி மெத்தென்று ஆகிவிட்டன, பெட்ரோல் பம்ப்பின் உள்சவ்வு (டயஃப்ராம்) ஒருமுறை போனது. எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றி, கார்ப்பரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் போகிற சின்ன ஓட்டை) ஒரு அளவு கூட்டினோம். போன பங்குனி வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றது. டிரைவர் மாமா வேட்டி முனையைத் தண்ணீரில் நனைத்துப் பம்ப்பில் சுற்றினார். பத்து நிமிஷத்தில் ஸ்டார்ட். மைலேஜ் 11, நல்ல நாளில் 12.

வாங்கின புதிதில் ஆரல்வாய்மொழி போனபோது முப்பந்தல் காற்றாலைப் பக்கம் காற்றில் வண்டி வாலாட்டியது. இறக்கை போனதும் அது நின்றது. அந்த இறக்கை இப்போது மாமா வீட்டுக் கோழிக்கூட்டுக்கு மேல் சாரல் படாமல் காக்கிறது. செய்த வேலைக்குச் சரியான இடம்.

செலவு: வண்டி விலை போக 2,65,000. அதில் பாதிக்கு மேல் முந்தைய ஆள் செய்ததை இல்லாமல் ஆக்கத்தான் போனது. 2024-ல் பதிவு புதுப்பிக்க 5,000 கட்டணம்; நிறமும் உருவமும் புத்தகத்தோடு ஒத்துப்போனதால் முதல் தடவையே பாஸ். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு, 20 வருஷம் தாண்டின கார்களுக்கு அதை 10,000 ஆக்கிவிட்டது, கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 50 வருஷம் ஆன, பெரிதாக மாற்றாத வண்டிகளுக்கு 2021-ல் விண்டேஜ் பதிவு விதி வந்திருக்கிறது. எனக்கு அது 2034-ல். அதுவரை இந்தக் கொப்புளங்கள் விட்டால்.

பிடிக்காதது: சீட்டுக்குப் போட்ட பழுப்பு ரெக்சின். மதியம் உட்கார்ந்தால் தோசைக்கல். துணியில் தைத்திருக்க வேண்டும். ஹேண்ட் கியரில் இரண்டாவது இன்னும் சில காலை வேளையில் முரண்டு பிடிக்கும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த இடது வளைவைத் திறக்க வேண்டும். அண்ணாச்சிக்கு இப்போது கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வெல்டிங் பார்க்கக் கூடாது. போன ஞாயிறு கேட்டேன். "தம்பிய பிடிக்கச் சொல்லு, நான் பக்கத்துல இருந்து சத்தம் கேட்டுச் சொல்லுகேன்" என்றார்.