நெப்ராஸ்கா: இரண்டு அவையா, ஒரே அவையா?

1934 நவம்பரில், பெரும் பொருளாதார மந்தமும் வறட்சியும் ஒருசேர வாட்டிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநில வாக்காளர்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன: மாநிலச் சட்டமன்றத்தில் இரண்டு அவைகளைத் தொடர்வது, அல்லது ஒரே அவைக்கு மாறுவது.

பழைய அமைப்பில் 133 உறுப்பினர்கள். ஓர் அவை அவசரப்பட்டால் மற்றது தடுக்கும் என்பது அதன் பெருமை. நடைமுறை வேறு. இரு அவைகளும் முரண்பட்டால், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் கூட்டுக் குழுவாக மூடிய அறையில் உட்கார்ந்து மசோதாவைத் திருத்துவார்கள். எதை யார் வெட்டினார் என்று மக்களுக்குத் தெரியாது. ஓரவையை ஆதரித்த, நெப்ராஸ்காவின் அமெரிக்க செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் ஊர் ஊராகக் காரில் போய்ச் சாடியது இதைத்தான்.

புதிய அமைப்பில் தொடக்கத்தில் 43 பேர். பழியை அடுத்த அவைமேல் போட வழியில்லை. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரும் கிடையாது. இது எனக்கு உவப்பில்லை. வேட்பாளர் எந்தப் பக்கம் என்று அறியச் சாதாரண வாக்காளருக்கு இருந்த எளிய வழி அடைபட்டது.

செலவில் போட்டியே இல்லை. 1935இல் கடைசி ஈரவைக் கூட்டத்தொடர் 110 நாள் நடந்து சுமார் 2 லட்சம் டாலரை விழுங்கியது. 1937இல் ஓரவை 98 நாளில், ஏறக்குறைய பாதிச் செலவில், கூடுதல் மசோதாக்களை நிறைவேற்றியது.

சுமார் 2,86,000 பேர் ஓரவையை ஆதரித்தார்கள்; 1,93,000 பேர் எதிர்த்தார்கள். அதே வாக்குச்சீட்டில் மதுவிலக்கு நீக்கமும் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டும் அனுமதியும் இருந்தன, அவற்றுக்காக வந்த வாக்காளர்களும் ஓரவைக்கு உதவியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். வேறெந்த அமெரிக்க மாநிலமும் இன்றுவரை நெப்ராஸ்காவைப் பின்பற்றவில்லை.