தானாக அடங்கும் அதிர்வுக்கு மூன்று முறை தண்டம் அழுதேன்

காரை எடுத்ததும் இருக்கையும் ஸ்டியரிங்கும் அதிர்ந்து, எட்டுப் பத்து கிலோமீட்டர் போனதும் அந்த அதிர்வு தானாக அடங்கிவிடுகிறதா? பணிமனைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆளில்லாமல் போனதால் மூன்று முறை பணம் கட்டினேன்.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன் நான். வாரத்தில் நான்கைந்து நாள் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். திங்கட்கிழமை காலை எடுத்தால் முதல் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் அடியிலிருந்து தட், தட், தட் என்று ஒரு துடிப்பு கிளம்பும். கட்டைவண்டியில் உட்கார்ந்திருப்பது போலிருக்கும். வேகம் கூடக்கூடத் துடிப்புகள் நெருங்கி, ஐம்பதைத் தாண்டியதும் நடுக்கமாக மாறும். ஏழாவது எட்டாவது கிலோமீட்டரில் மெல்லக் குறைந்து, எப்போது நின்றது என்று தெரியாமலே நின்றுவிடும். மாலையில் திரும்பும்போது அப்படி ஒன்று இருந்ததாகவே தோன்றாது.

நான் போன பணிமனை வீட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். கணக்கைப் பாருங்கள். போய்ச் சேரும்போது கார் பரம சாது. தலைமை மெக்கானிக் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவரோ தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை இடுக்கி, "தெரிகிறதா சார்? சக்கரம் பாலன்ஸில் இல்லை" என்றார். நானும் தலையாட்டினேன். இல்லாத அதிர்வை இருவரும் சேர்ந்து உணர்ந்தோம் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

முதல் முறை வீல் பாலன்ஸிங்கும் (சக்கரத்தின் எடையைச் சமன்படுத்துவது) அலைன்மெண்டும் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தார்கள். ஓட்டிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. பணம் கட்டினேன். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் தட், தட். இரண்டாவது முறை எஞ்சின் மவுண்ட், அதாவது எஞ்சினைத் தாங்கி அதன் அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் தாங்கி, போய்விட்டது என்று மாற்றினார்கள். கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டேன். அந்த மூன்று வாரங்களில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். மூன்றாவது முறை லோயர் ஆர்ம் புஷ்கள், அதாவது சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கையில் இருக்கும் ரப்பர் உருளைகள். "இதோடு முடிந்தது, பாருங்கள்" என்றார் தலைமை மெக்கானிக்.

ஒவ்வொரு முறையும் வேலை பலித்ததுதான் கொடுமை. காரை ஒப்படைக்கும் முன் அவர்கள் ஒரு நீண்ட சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். அதன் பிறகு நான் ஓட்டினால் அதிர்வு எப்படி இருக்கும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. காக்கைக்கு நான் கூலி கொடுத்துக்கொண்டிருந்தேன். தானாக மறையும் கோளாறுக்கு எந்தப் பாகத்தை மாற்றினாலும் அது பலித்ததாகவே தெரியும்.

நான்காவது திங்கட்கிழமை பொறுமை போய்விட்டது. மணிக்கு இருபது கிலோமீட்டருக்கும் மேலே போகாமல் ஓட்டித் துடிப்பை எண்ணினேன். நொடிக்கு ஏறக்குறைய மூன்று. என் காரின் சக்கரம் ஒரு முறை உருண்டால் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். இருபது கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டல். கியரை நியூட்ரலுக்குத் தள்ளிக் காரை உருளவிட்டேன், தட்டல் மாறவில்லை. நின்ற இடத்தில் எஞ்சினை மட்டும் ஓடவிட்டேன், துளி அதிர்வு இல்லை. எஞ்சின் மவுண்டைக் குறை சொல்ல இதில் எங்கே இடமிருக்கிறது?

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, நண்பரிடமிருந்து நான்கு ஸ்டாண்டுகள் வாங்கி, சமதரையில் காரை உயர்த்தி, சக்கரங்கள் தரையைத் தொடாதபடி நிறுத்திவைத்தேன். திங்கட்கிழமை இறக்கி ஓட்டினேன். முதல் மீட்டரிலிருந்தே அமைதி. அதற்கடுத்த வாரம் பழையபடி தரையில் விட்டேன். தட், தட், தட்.

டயரில் தட்டை விழுந்திருந்தது, அவ்வளவுதான். டயரின் மேல் ரப்பருக்கு அடியில் பெரும்பாலும் நைலான் இழைகளைச் சுற்றியிருப்பார்கள். ஓடிச் சூடான டயரை அப்படியே நிறுத்திவிட்டால், தரையில் பதிந்திருக்கும் பகுதி காரின் எடையில் அமுங்கிய வாக்கிலேயே குளிர்ந்து இறுகிவிடும். மறுபடி ஓட்டும்போது சூடேறி, இளகி, வட்டத்துக்குத் திரும்பும். குளிர் அதிகமானால், பாரம் அதிகமானால், பக்கச்சுவர் குட்டையான அகல டயரானால் இது கூடும். காற்று குறைவாக இருந்தால் கேட்கவே வேண்டாம். என் கார்க் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அட்டையில் டயரின் காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்று இருக்கிறது. அளந்தபோது நான்கு டயர்களிலும் 25ஐ ஒட்டியே இருந்தது. மூன்று முறை காரைத் தூக்கி இறக்கியவர்கள் ஒரு முறைகூடக் காற்றை அளக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு ஓடினால் சரியாகிவிடும் என்று எல்லா அதிர்வையும் விட்டுவிடாதீர்கள். சூடேறச் சூடேற அதிகமாகும் அதிர்வு வேறு சாதி; பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுவதாகவும் இருக்கலாம், டயரின் உள்ளடுக்கு பிரிவதாகவும் இருக்கலாம். டயரில் எங்காவது புடைப்பு தெரிந்தால் அந்த டயரில் ஓட்டவே கூடாது. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும், எத்தனை கிலோமீட்டர் போனாலும் நடுங்கினால் அப்போது பாலன்ஸைச் சந்தேகிக்கலாம். மழையில் நனைந்து நின்ற காரின் பிரேக் டிஸ்கில் படியும் துருவும் முதலில் உரசி உறுமும். சில முறை பிரேக்கை அழுத்தியதும் போய்விடும். மாதக்கணக்கில் அசையாமல் நின்ற டயரின் தட்டை நிரந்தரமாகிவிடக்கூடும், அதற்கு டயரை மாற்றத்தான் வேண்டும்.

இப்படிப்பட்ட கோளாறுக்குப் பணிமனையில் காட்டியே ஆகவேண்டும் என்றால் காரை முந்தைய நாளே அங்கே விட்டுவிடுங்கள். காலையில் குளிர்ந்த காரை மெக்கானிக் உங்கள் முன்னால் எடுக்கட்டும். நான் அதைச் செய்யவில்லை.

காற்றைச் சரியாக நிரப்பியதும் துடிப்பு பாதியாகக் குறைந்தது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் பார்த்தேன்: 2317. அதாவது 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கிழடுதட்டிய டயர்கள். புதியவை போட வேறொரு கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் காரைத் தூக்கியதும் டார்ச்சை அடித்து, "இந்தப் புஷ்ஷையா மாற்றினோம் என்றார்கள்?" என்று கேட்டான். லோயர் ஆர்ம் போல்ட்டுகளின் தலையில் பல வருட மண் அப்பிக் காய்ந்திருந்தது. ஸ்பேனர் பட்டிருந்தால் விளிம்பிலாவது பளபளப்பு தெரியும். நகத்தால் சுரண்டினேன், ஓடு போல் உதிர்ந்தது. அதுவரை அவர்களை விவரம் போதாதவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

படம் எடுத்துக்கொண்டு பழைய பணிமனைக்குப் போனேன். மேலாளர் படத்தைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், "இப்போது அதிர்வு இல்லைதானே சார், பிறகென்ன?" என்றார். அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு புஷ்களுக்கான தொகை மட்டும் திரும்பி வந்தது. மவுண்டைப் பற்றிக் கேட்டதற்கு, "பழையது கிழிந்திருந்தது, நீங்களே வாங்கிப் போனீர்களே" என்றார்.

வீட்டுக்கு வந்து டிக்கியிலிருந்து அதை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். ரப்பரில் ஒரு கீறல்கூட இல்லை. இப்போது என் மேசையில் பில்கள் பறக்காமல் அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.