கோட்டையூரில் வீடு வாங்கித் தந்த தரகு அலுவலகம்: எட்டு மாத அனுபவம்

காரைக்குடியில் திருச்சி சாலையை ஒட்டி இயங்கும் ஒரு தரகு அலுவலகத்தின் வழியாக, 2025-ஆம் ஆண்டில் கோட்டையூரில் எங்கள் மகளுக்கு ஒரு வீடு வாங்கினோம். மகள் புதுக்கோட்டையில் கல்லூரி ஆசிரியை. மருமகனுக்குக் காரைக்குடியில் வங்கி வேலை. தேடத் தொடங்கியதிலிருந்து பத்திரம் பதிவானது வரை எட்டு மாதங்கள் ஆயின. பதினொரு வீடுகளையும் மூன்று மனைப்பிரிவுகளையும் பார்த்தோம். அலுவலகத்தின் பெயரை நான் எழுதவில்லை. சொல்ல வேண்டிய குறை ஒன்று பெரிதாக இருக்கிறது. அதே குறை இந்தப் பக்கத்துத் தரகர்கள் பலரிடமும் இருப்பதாகக் கேள்விப்பட்டதால், ஒருவரை மட்டும் சுட்டுவது நியாயமாகப் படவில்லை.

முதலில் சந்தையைப் பற்றிச் சொன்னால்தான் அவர்கள் செய்த வேலையின் நிறை குறை விளங்கும். கோட்டையூர் வசதி படைத்தவர்களின் ஊர். அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர். ரோஜா முத்தையாவின் நூல் சேகரம் சென்னைக்குப் போகும்வரை இருந்த ஊர். காரைக்குடிக்கு மிக அருகில், சொந்த ரயில் நிலையத்தோடு, புதுக்கோட்டைக்குப் போகும் சாலையோரம் இருப்பதால், அழகப்பா பல்கலைக்கழகத்திலும் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்திலும் வேலை பார்ப்பவர்கள், மருத்துவர்கள், தினமும் வெளியூர் சென்று திரும்பும் ஆசிரியர்கள் எல்லோரும் இங்கே வீடு தேடுகிறார்கள். 2024-இல் காரைக்குடி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டு, கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகள் அதனோடு சேர்க்கப்பட்ட பிறகு, விளம்பரத் தட்டிகளில் எல்லாம் 'மாநகராட்சி எல்லைக்குள்' என்ற வரி கொட்டை எழுத்தில் ஏறிவிட்டது. அந்த வரிக்காக விலை ஏறுகிறது. சாக்கடையும் தெருவிளக்கும் அந்த வேகத்தில் வருவதாகத் தெரியவில்லை.

ஆனால் விலையை உண்மையில் தீர்மானிப்பவர்கள் இங்கே குடியிருப்பவர்கள் அல்லர் என்பதுதான் இந்தச் சந்தையின் தனித்தன்மை. வீட்டின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். ஒரு கல்யாணத்துக்கோ கோயில் படைப்புக்கோ வந்து, பூட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, மூன்று நாளில் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்குப் பண நெருக்கடி இல்லாததால் சொன்ன விலையில் நிற்கிறார்கள். அதனால் மற்ற ஊர்களில் ஆறு மாதம் விற்காத வீட்டுக்கு விலை இறங்கும். இங்கே ஆறு மாதம் கழித்துக் கேட்டால் ஏறியிருக்கும். வாடகையோ அதற்கு ஈடாக இல்லை. ஒரே தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்க, மீதிப் பாதிக்குப் பத்துப் பேர் போட்டியிடுவதை நாங்களே பார்த்தோம்.

இப்படிப்பட்ட இடத்தில் வீடு காட்டும் வேலையை அந்த அலுவலகம் மிக நன்றாகச் செய்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்கென அமர்த்தப்பட்ட தம்பி வெயில் நேரத்தில் ஒரு முறையும், மழை பெய்த மறுநாள் ஒரு முறையும் அதே வீட்டைக் காட்டினார். சாலையைத் திரும்பத் திரும்ப மேலேற்றிப் போட்டதால் வாசற்படி பள்ளத்தில் போன வீடுகளை, நாங்கள் கேட்காமலேயே "ஐயா, இது வேண்டாம், ஐப்பசியில தண்ணி உள்ள வந்துரும்" என்று தள்ளிவிட்டார். கிணற்றில் வாளி விட்டு நீரை எடுத்துக் குடித்துக் காட்டினார். விற்காத சரக்கைத் தலையில் கட்டும் பழக்கம் அவரிடம் இல்லை. முன்பணம் கொடுக்கும்படி ஒரு நாளும் அவசரப்படுத்தவுமில்லை.

நான்காவதாகப் பார்த்தது, நடுவாசலைச் சுற்றி அறைகள் அமைந்த ஒரு பழைய வளவு வீடு. முகப்பும் பட்டாலையும் தாண்டி வளவுக்குள் நுழைந்தபோது, வாங்கும் எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லாதிருந்தும், பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் பார்த்து அரை மணி நேரம் நின்றுவிட்டேன். வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி, "வாங்க, வாங்க, பாக்குறதுக்கு என்ன காசா? இதுல பதினாலு புள்ளி இருக்கு, யாரைக் கேட்டு விப்பாக?" என்று சிரித்தார். நகரத்தாரிடையே திருமணமான ஒவ்வொரு மகனின் குடும்பமும் ஒரு புள்ளி. வளவைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிகளுக்குரியவை. வளவும் நடுவாசலும் எல்லோருக்கும் பொது. பதினான்கு புள்ளிகளின் வாரிசுகள் ஐந்து நாடுகளில் இருந்தால் ஒரு விற்பனைப் பத்திரத்துக்கு எத்தனை கையெழுத்து வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒத்து வராத குடும்பங்களில் வீடு மெல்லச் சிதைந்து, கடைசியில் இடிக்கப்பட்டு, தூண்களும் கதவு நிலைகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதைத் தரகர்கள் இப்போது விலை சொல்லும்போது சேர்த்துச் சொல்கிறார்கள். பட்டியலில் ஏறியதால் அந்த வீட்டுக்கு ஒரு கையெழுத்துகூட வேண்டாம் என்று ஆகிவிடவில்லை.

மனைப்பிரிவுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூன்றில் இரண்டுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதலும், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவு எண்ணும் இருந்தன. விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. மூன்றாவது பாதி விலைக்கு வந்தது. ஒப்புதல் இல்லாத அந்த மனைகளை '2016-க்கு முன்னாலேயே பிரித்தது' என்றார்கள். ஒப்புதல் பெறாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20-ஐயே எல்லையாக வைத்திருக்கின்றன என்பதும், அதற்கு முன் மனையாகவே பத்திரம் பதிவாகியிருந்தால்தான் வழி உண்டு என்பதும் எனக்குத் தெரிந்திருந்ததால் வில்லங்கச் சான்றைக் கேட்டேன். அதில் அந்த நாளுக்கு முன் ஒரு மனை விற்பனையும் இல்லை. நிலம் முழுவதும் ஒரே புன்செய்யாக இருந்தது. அதைச் சொன்னதும் தம்பி எந்த வாதமும் செய்யாமல் வண்டியைத் திருப்பினார்.

இனி குறைக்கு வருகிறேன். கடைசியில் எங்களுக்குப் பிடித்த வீடு எட்டு சென்ட் நிலத்தில், 1990-களில் ஒருவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டியது. அவரும் மனைவியும் காலமான பின் மூன்று பிள்ளைகள்: உள்ளூரில் ஓர் அண்ணன், சிங்கப்பூரில் தம்பி, மதுரையில் தங்கை. அண்ணன், தம்பி இருவரின் சம்மதத்தை மட்டும் வைத்துக்கொண்டு அலுவலகம் விலை பேசி, முன்பணமும் வாங்கி, ஒப்பந்தத்தை எழுதிவிட்டது. தங்கையைப் பற்றிக் கேட்டபோது, "அவகளுக்குச் சீர் செனத்தி எல்லாம் செஞ்சாச்சு ஐயா" என்ற பதில் வந்தது. சீர் வேறு, பங்கு வேறு என்பதை வீடு விற்றுப் பிழைக்கும் அலுவலகத்துக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. உயில் இல்லாமல் இறந்த தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குச் சம பங்கு என்பது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குரிய பங்கு, தமிழகத்தில் 1989-இல் தொடங்கி, 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நாடு முழுவதற்கும் ஆகி, 2020-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் உறுதியானது. நல்ல வேளையாக அந்த அம்மாள் நிதானமானவர்; தம் பங்குத் தொகையைப் பெற்றுக்கொண்டு பத்திரத்தில் கையெழுத்திடச் சம்மதித்தார். ஆனால் அதற்கு இரண்டு மாதங்கள் போயின. அண்ணன் தங்கைக்கிடையே பேச்சும் நின்றுபோனது.

இதைவிடப் பெரிய தவறு வரி விஷயத்தில் நேர்ந்தது. விற்பவர்களில் தம்பியானவர் சிங்கப்பூர்க் குடிமகன். அவருடைய அதிகாரப் பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று வர வேண்டும் என்பதும், அது இந்தியா வந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பதும் அலுவலகத்துக்குத் தெரிந்திருந்தன. ஆனால் வெளிநாட்டில் வசிப்பவரிடம் வாங்கும்போது வரி பிடித்தம் செய்யும் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழுகிறது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. உள்நாட்டில் இருப்பவர்களிடம் வாங்கினால், விலை 50 லட்சம் ரூபாயை எட்டும்போது 1 விழுக்காடு பிடித்தால் போதும். வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்த வரம்பே கிடையாது. நீண்ட கால மூலதன ஆதாயத்துக்கு 12.5 விழுக்காடும் அதன்மேல் கூடுதல் வரிகளும் உண்டு. குறைந்த அளவில் பிடிக்க வருமான வரித் துறையின் சான்று இல்லையென்றால், அவருடைய பங்குத் தொகை முழுவதற்கும் கணக்கிட்டுப் பிடிப்பதே பாதுகாப்பு என்று எங்கள் ஆடிட்டர் சொன்னார். பதிவுக்கு நாள் குறித்த பின் இது தெரிந்ததால், வரி பிடித்தம் செய்பவர் பெற வேண்டிய டான் எண்ணுக்கு அவசர அவசரமாக விண்ணப்பித்து, பதிவைத் தள்ளிவைத்து, சிங்கப்பூர்த் தம்பியிடம் 'ஏன் எனக்குப் பணம் குறைகிறது' என்பதற்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வெளிநாட்டுப் பங்காளி இல்லாத வீடே அரிதான ஓர் ஊரில், தரகர் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது.

செலவு விவரம்: முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 2017 முதல் 4 ஆக இருந்த பதிவுக் கட்டணம் 2023-இல் 2 ஆகக் குறைந்தது. ஆனால் அதே சமயம், கட்டணத்தைக் கணக்கிட அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு உயர்ந்ததால் மிச்சம் பெரிதாக ஒன்றுமில்லை. மகள் பெயரில் பதிந்தால் பெண்களுக்கான 1 விழுக்காடு சலுகை உண்டு என்று அலுவலகம் சொன்னதும் பாதி உண்மைதான். அது 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கே பொருந்தும், கோட்டையூரில் அந்த விலைக்கு வீடு ஏது? தரகாக இரண்டு விழுக்காடு கேட்டு ஒன்றரையில் முடித்தார்கள். வீடு காட்டியதற்கு அது தகும். பத்திர வேலைக்கென்றால் தகாது. வழக்கறிஞருக்கும் ஆடிட்டருக்கும் நாங்கள் தனியே கொடுத்ததையும் சேர்த்துப் பார்த்தால் இந்தச் சேவை மலிவானதல்ல.

இந்தப் பக்கம் வீடு தேடுபவர்களுக்கு அவர்களிடம் போகலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் வாரிசுச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் சொந்த வழக்கறிஞர் பார்த்து முடிக்கும்வரை ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்க வேண்டாம். விற்பவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பத்திரம் பதிவான பிறகும் அலுவலகத்தார் கைகழுவவில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மனை பலர் பெயரில் சேர்ந்த கூட்டுப் பட்டாவில் இருந்ததால் உட்பிரிவு செய்ய நில அளவையர் வந்து அளக்க வேண்டியிருக்கிறது; அதற்கான விண்ணப்பத்தை வீடு காட்டிய அந்தத் தம்பியேதான் எழுதிக் கொடுத்தார், இப்போதும் போன் செய்தால் எடுத்து, "அடுத்த வாரம் சங்கிலியோட வந்துருவாக ஐயா" என்கிறார். அடுத்த வாரம் என்று அவர் சொல்வது இது நான்காவது முறை.