அப்பிள் ஜூஸா, சைடர் வினாகிரியா, உலர் உப்பா? இறைச்சி ஊறவைக்க எது ஏற்றது

அப்பிள் ஜூஸில் ஊறிய கோழி வெந்த பிறகும் ஈரம் வற்றாமல் இருந்தால், அதற்குக் காரணம் அந்த ஜூஸில் கரைத்த உப்பு. அப்பிளின் பங்கு வேறு. இனிப்பு, மெல்லிய புளிப்பு, தோலுக்கு நல்ல நிறம், கொஞ்சம் வாசம். இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துப் பார்க்காமல் சமைத்தால் காசும் வீண், இறைச்சியும் வீண்.

கொழும்பில் இது சின்ன விஷயமல்ல. புறக்கோட்டை நடைபாதையில் குவித்து விற்கும் அப்பிளும், சுப்பர்மார்க்கெட் தட்டில் இருக்கும் ஜூஸ் பெட்டியும், சைடர் வினாகிரிப் போத்தலும் இறக்குமதிப் பொருட்கள். ஊறவைத்த நீரைக் கடைசியில் தொட்டியில்தான் ஊற்றப் போகிறோம். ஊற்றுவதற்கு முன் அது இறைச்சிக்கு என்ன கொடுத்தது என்று கேட்பது நியாயம்.

முதலில் உப்பின் வேலை

பச்சை இறைச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். 60 பாகை செல்சியஸைத் தாண்டியதும் தசைநார்கள் சுருங்கி அந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளத் தொடங்கும். உப்பு உள்ளே போயிருந்தால் தசைப் புரதங்களில் ஒரு பகுதி கரைந்து நார்கள் தளர்ந்து விரியும். அப்படி விரிந்த நார் கூடுதல் நீரைப் பிடித்துக்கொள்ளும், சூட்டிலும் குறைவாகவே இழக்கும். உப்புநீரில் ஊறவைப்பதன் அடிப்படை இவ்வளவுதான்.

உப்பு ஆழமாக ஊடுருவும். சீனி மெதுவாகப் போகும். அப்பிளின் வாசமும் கறுவா, கராம்பு வாசமும் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். ஒரு நாள் முழுக்க ஊறவைத்தாலும் நெஞ்சுத் துண்டின் நடுவில் அப்பிள் மணக்காது.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு: அப்பிள் இறைச்சியை மென்மையாக்கும் என்பது. பப்பாசிக்காயிலும் அன்னாசியிலும் இஞ்சியிலும் புரதத்தை வெட்டும் நொதியம் இருக்கிறது. அப்பிளில் அப்படிச் சொல்லத்தக்க நொதியம் இல்லை. முற்றிய இறைச்சியை மென்மையாக்குவதுதான் தேவை என்றால் அப்பிளுக்குச் செலவழிக்காதீர்கள்.

அப்பிள் ஜூஸ் உப்புநீர்

அடிப்படை அளவு: 500 மி.லீ. ஜூஸ், 500 மி.லீ. தண்ணீர், 50 கிராம் உப்பு. ஒரு கிலோ கோழிக்கு இது போதும். 100 மி.லீ. ஜூஸில் ஏறத்தாழ 10 கிராம் சீனி இயற்கையாகவே இருப்பதால் வேறு சீனி வேண்டாம். தண்ணீரில் பாதியை உப்பு, ஒரு துண்டு கறுவா, 4 கராம்பு, 10 மிளகு, தட்டிய உள்ளி 3 பல்லுடன் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, மீதித் தண்ணீரை ஐஸாகப் போட்டுக் குளிரச் செய்து, கடைசியில் ஜூஸை ஊற்றுங்கள். ஜூஸைக் கொதிக்க வைத்தால் இருக்கிற வாசமும் ஆவியாகிவிடும். இஞ்சி போட விரும்பினால் அதையும் கொதியில் போடுங்கள். பச்சையாகப் போட்டால் அதன் நொதியம் மேற்பரப்பைக் கூழாக்கும்.

உப்பைக் கரண்டியால் அளக்க வேண்டாம், தராசில் நிறுங்கள். தூள் உப்பு ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 18 கிராம். கட்டி உப்பு அதே கரண்டியில் வேறு நிறை காட்டும். ஆனையிறவு உப்போ புத்தளம் உப்போ, கட்டியாக வாங்கினால் கரைத்து வடிகட்டுங்கள், அடியில் மண் இருக்கலாம்.

நேரம்: எலும்பில்லாத நெஞ்சுத் துண்டுக்கு 1 முதல் 2 மணி, காலுக்கு 3 முதல் 5 மணி, முழுக்கோழிக்கு 8 முதல் 12 மணி. ஒரு அங்குலத் தடிப்புப் பன்றிச் சாப்ஸுக்கு 2 முதல் 4 மணி, 2 கிலோ பன்றித் தோள்பட்டைக்கு ஒரு இரவு முழுவதும். நேரம் தவறினால் உப்புக் கரிக்கும். இறைச்சியும் பதப்படுத்திய ஹாம் போல இறுகி வழுவழுப்பாகிவிடும். பிறகு எவ்வளவு கழுவினாலும் அது திரும்பாது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நாங்கள் வேறு கணக்கைச் சொல்வோம். இறைச்சியின் நிறையையும் நீரின் நிறையையும் கூட்டி, அதில் 1.25 வீதம் மட்டும் உப்புப் போடுங்கள். ஒரு கிலோ கோழிக்காலுக்கு 350 மி.லீ. ஜூஸ், 350 மி.லீ. தண்ணீர், 21 கிராம் உப்பு. காலையில் போட்டுவிட்டுப் போய், மாலையில் பஸ் நெரிசலில் இரண்டு மணி தாமதமாக வந்தாலும் இறைச்சி கரிக்காது, ஏனென்றால் கரிக்கும் அளவுக்கு அந்தப் பாத்திரத்தில் உப்பே இல்லை. ஜூஸும் குறைவாகச் செலவாகிறது. இந்த முறைதான் எங்கள் விருப்பம்.

ஜூஸ் முறையின் பெரிய சிக்கல் கருகல். மேற்பரப்பில் ஒட்டிய பழச்சீனி விரைவில் கறுக்கும். 200 பாகை அவனில் தோல் கறுத்திருக்கும், எலும்போரம் இரத்தம் கசியும். 170 முதல் 180 பாகையில் வைத்து, நிறம் பிடித்ததும் மேலே அலுமினியத் தாள் மூடுங்கள். எயார் ஃபிரையரில் காற்று நேராக அடிப்பதால் இன்னும் பத்துப் பாகை குறையுங்கள். தாச்சியில் பொரிக்க இந்த முறை உதவாது. சீனி அடியில் பிடித்துக் கசக்கும், எண்ணெயும் கெடும்.

வாங்கும்போது பெட்டியில் 100 வீதம் பழச்சாறு என்று இருக்கிறதா பாருங்கள். சீனி அளவை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது, இனிப்பு சேர்த்த பழப்பானத்திலும் அதே 10, 12 கிராம்தான் இருக்கும். சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள். செயற்கை வாசம் சேர்த்த பானம் சூடேறியதும் மிட்டாய் மணம் அடிக்கும், கோழியில் அது சகிக்காது.

சைடர் வினாகிரி உப்புநீர்

ஒரு எச்சரிக்கையோடு தொடங்க வேண்டும். அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் ‘அப்பிள் சைடர்’ என்பது வடிகட்டாத, புளிக்காத, கலங்கலான ஜூஸ். பிரித்தானிய வழக்கில் சைடர் மதுபானம். இரண்டுமே வினாகிரி அல்ல. ‘நான்கு கோப்பை சைடர்’ என்று படித்துவிட்டு ஒரு லீற்றர் சைடர் வினாகிரியில் கோழியை ஊறவைத்தால், சில மணி நேரத்தில் வெளிப்பக்கம் வெந்ததுபோல் வெளுத்து, அவித்த முட்டையின் வெள்ளைக்கரு போல் இறுகி இருக்கும். அந்தக் கோழியைக் காப்பாற்ற வழியில்லை.

சரியான அளவு: ஒரு லீற்றர் தண்ணீர், 50 மி.லீ. சைடர் வினாகிரி, 50 கிராம் உப்பு, 20 கிராம் சீனி. வினாகிரியில் 5 வீதம் அமிலம் என்றால் 50 மி.லீயில் இரண்டரைக் கிராம். அரை லீற்றர் ஜூஸில் இருக்கும் அமிலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். புளிப்பு இரண்டிலும் ஒன்று, ஆனால் இங்கே சீனி உங்கள் கையில். அதனால் தாச்சிக்கும் தோசைக்கல்லுக்கும் கரி அடுப்புக்கும் இதுவே நல்லது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பலருக்கு இருப்பது இரண்டு பேர்ணர் காஸ் அடுப்புத்தான். அந்த வீட்டுக்கு ஜூஸைவிட இது பொருத்தம்.

வினாகிரியைக் கூட்டக் கூடாது. இறைச்சியின் அமிலநிலை (pH, எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 5.5 அளவில் இருக்கும். அது 5.2ஐ நெருங்கும்போது தசைப் புரதம் நீரைப் பிடிக்கும் சக்தி மிகக் குறைந்துபோகும். ஈரத்துக்காகச் செய்த வேலையே ஈரத்தைப் பறிக்கும். லீற்றருக்கு 100 மி.லீ. தாண்டி இரவு முழுக்க வைத்தவர்களுடைய கோழி வாயில் மாவாக உதிர்வது இதனால்தான்.

இன்னொன்றையும் நேராகச் சொல்கிறோம். இருபது பங்கு தண்ணீரில் கரைந்து, பிறகு சூட்டில் ஆவியாகும் சைடர் வினாகிரியில் அப்பிள் வாசம் எதுவும் மிஞ்சாது. அந்த இடத்தில் நம்முடைய தேங்காய் வினாகிரி அதே வேலையைச் செய்யும். கொட்டாஞ்சேனை வீடுகளில் நத்தாருக்குப் பன்றி ஊறவைக்கும் கைக்கு அது பழகியது. சைடர் வினாகிரிப் போத்தலைக் கடைசியில் பூசும் பாகுக்கு வைத்திருங்கள், அங்கே அதன் வாசம் நிற்கும்.

உப்பும் புளியும் சேர்ந்த எதையும் அலுமினியச் சட்டியில் ஊற்றாதீர்கள். உலோகம் அரித்து இறைச்சிக்குக் கறுப்பும் ஒரு உலோகச் சுவையும் வரும். கண்ணாடி, சில்வர் எனப்படும் துருப்பிடிக்காத உருக்கு, அல்லது உணவுக்கான தடித்த பொலித்தீன் பை.

அரைத்த அப்பிள்

கொரியர்கள் மெல்லிய மாட்டிறைச்சிக்குப் பேரிக்காயோ அப்பிளோ அரைத்துப் போடுவார்கள். அங்கே இறைச்சி கடதாசி போல் மெல்லியது, ஊறும் நேரமும் குறைவு, சோயா சோஸ் உப்பைத் தருகிறது. தடித்த துண்டுக்கு அந்த முறையை அப்படியே கொண்டுவர முடியாது. அரைத்த விழுது தோலில் ஒட்டிக் கருகும். வழித்து எடுத்தால் வாசமும் அதோடு போகும். செய்வதென்றால் தோலைச் சீவுங்கள், இங்கு வரும் அப்பிளில் மெழுகு பூசியிருப்பது வழக்கம். அரைத்ததும் தேசிக்காய்ப் புளி ஒரு தேக்கரண்டி விட்டால் கறுக்காது. எங்கள் கருத்தில், நல்ல அப்பிளைத் துண்டாக்கி வெங்காயத்தோடு அவன் தட்டின் அடியில் பரப்புவது மேல். இறைச்சியின் கொழுப்பில் வெந்து அதுவே துணைக்கறியாகிவிடும். இதற்குப் பச்சை நிறப் புளிப்பு அப்பிள் ஏற்றது, சிவப்பு இனிப்பு வகை குழைந்துவிடும்.

உலர் உப்பும் கடைசிப் பாகும்

தோல் மொறுமொறுப்பாக வேண்டும், அப்பிள் சுவையும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் இதற்கு ஈடில்லை. கிலோவுக்கு 12 கிராம் உப்பைப் பூசி, கம்பித் தட்டில் வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜில் 12 முதல் 24 மணி. முதலில் நீர் வெளியே வரும், உப்பு அதில் கரையும், பிறகு அந்த நீரே திரும்ப உள்ளே போகும். வெளியிலிருந்து தண்ணீர் சேராததால் கோழியின் சுவை நீர்க்காது, தோலும் காய்ந்திருக்கும்.

பாகுக்கு 500 மி.லீ. ஜூஸை அகன்ற சட்டியில் 100 மி.லீ. ஆகும்வரை வற்றவையுங்கள். ஒரு மேசைக்கரண்டி சைடர் வினாகிரி, அரைத் தேக்கரண்டி மிளகுதூள், கொஞ்சம் இடித்த செத்தல் மிளகாய். உப்புப் போட வேண்டாம், இறைச்சியில் ஏற்கெனவே இருக்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு தடவை பூசுங்கள். முன்னமே பூசினால் கருகும். அதே அரை லீற்றர் ஜூஸ்தான். உப்புநீரில் போட்டிருந்தால் அதில் பெரும்பகுதி தொட்டிக்குப் போயிருக்கும், இங்கே முழுவதும் தட்டுக்கு வருகிறது.

ஈரத்தில் மட்டும் பார்த்தால் நெஞ்சுத் துண்டுக்கு உப்புநீர் ஒரு படி முன்னே நிற்கும். வேகும்போது கை தவறி ஐந்து பாகை கூடினாலும் மன்னிக்கும். கால், தொடை, தோள்பட்டை போன்ற கொழுப்புள்ள பகுதிகளுக்கு அந்த உதவி தேவையில்லை.

எந்த இறைச்சிக்கு எது

கோழி நெஞ்சுக்கும் கொழுப்புக் குறைந்த பன்றிச் சாப்ஸுக்கும் உப்புநீர்: அவன் என்றால் ஜூஸ், தாச்சி என்றால் வினாகிரி. முழுக்கோழிக்கும் தோலோடு உள்ள பன்றிக்கும் உலர் உப்பும் பாகும். ஆட்டிறைச்சிக் கறிக்கு எதுவும் வேண்டாம். ஆட்டின் முரட்டுத்தனம் இணைப்புத் திசுவில் இருக்கிறது. அதைக் கரைப்பது நீண்ட நேரச் சூடு, உப்புநீர் அதைத் தொடாது. கறிக் குழம்பிலேயே உப்பு இருக்கிறது. பன்றிக் கறுப்புக் கறிக்கும் இதே பதில். கொரக்காவின் புளிப்பு இருக்கும் இடத்தில் அப்பிள் இனிப்புக் குழப்பத்தையே தரும்.

ஜூஸ் கிடைக்காதபோது செவ்விளநீரில் இதே உப்பளவைக் கரைத்துப் பாருங்கள். புளிப்புக் கிடையாது, இனிப்பும் குறைவு, அதனால் கருகலும் குறைவு. கோழிக்கு நன்றாகவே பொருந்துகிறது.

உறைந்த கோழி வாங்கினால் பொதியைப் படியுங்கள். ஏற்கெனவே உப்புக் கரைசல் ஏற்றியிருந்தால் ஊறவைக்காதீர்கள். மற்றபடி முழுதாக உருகிய பிறகே போடுங்கள், பனிக்கட்டிக்குள் உப்பு போகாது.

ஐந்து வீத உப்புநீர் கிருமியைக் கொல்லாது. கொழும்பின் 30 பாகை வெக்கையில் மேசையில் ஊறவைக்கவே கூடாது. 4 பாகையில் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும், இறைச்சியைப் போடும் முன்பே நீர் குளிர்ந்திருக்க வேண்டும். மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள், மின்தடை நீண்டுகொண்டே போனால் பாத்திரத்தை ஐஸ் பெட்டிக்கு மாற்றுங்கள். ஒருமுறை பாவித்த நீரை மறுபடி பாவிக்க வேண்டாம்.

எடுத்ததும் ஒரு தடவை தண்ணீரில் முக்கி, கடதாசியால் ஒற்றி, தோலுள்ள துண்டு என்றால் ஒன்றிரண்டு மணி நேரம் திறந்தபடி ஃபிரிட்ஜில் காயவிடுங்கள். ஈரத்தோடு அடுப்புக்குப் போன தோல் முதலில் ஆவியில் அவியும், பிறகுதான் நிறம் பிடிக்கும். கோழியின் தடித்த இடத்தில் 74 பாகை, பன்றிச் சாப்ஸில் 63 பாகையும் மூன்று நிமிட ஓய்வும். தட்டில் ஊறிய சாற்றைக் குழம்பாக்க நினைத்தால் முதலில் ருசி பாருங்கள். உப்புநீரில் ஊறிய இறைச்சியின் சாறு வற்ற வற்றக் கரிக்கும், உப்பில்லாத கோழி அவித்த நீரையோ வெந்த அப்பிளையோ சேர்த்துத்தான் அதைச் சரிப்படுத்த முடியும்.