புகைக்குக் குளிரைக் காரணம் காட்டும் கராஜ்: மலையகத்தில் சேற்று ஓட்டப்போட்டிக்குப் போகிறவர்கள் அவதானம்

மார்கழி, தை மாதங்களில் நடக்கும் சிறிய சேற்று ஓட்டப்போட்டிகளுக்காகத் தம்முடைய மோட்டார் சைக்கிளைத் தயார்படுத்தும் நுவரெலியா, பதுளை மாவட்ட நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். நுவரெலியா மாவட்டத்திலுள்ள ஒரு கராஜ், என்னுடைய வண்டியின் எஞ்சின் வேலைக்கு முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்யாமல் விட்டதோடு, பல வருடங்கள் கிடந்த டயரைப் புதியது என்றும் விற்றது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கராஜின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் ஏமாற்றிய விதத்தையும் அதற்குச் சொன்ன சாட்டுகளையும் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அதே சாட்டை வேறொரு கராஜும் உங்களிடம் சொல்லலாம்.

ஏப்ரல் வசந்த காலத்தில் மகாகஸ்தோட்டையிலும் ரதெல்லவிலும் நடக்கும் மலையேற்ற மோட்டார் ஓட்டங்களையும், தியத்தலாவையில் இராணுவக் கல்லூரி நடத்தும் பொக்ஸ் ஹில் போட்டியையும் அறியாதவர்கள் மலையகத்தில் குறைவு. நாங்கள் ஓடுவது அந்தத் தரத்திலான போட்டிகளில் அல்ல. வடகீழ்ப் பருவமழையில் ஊவாப் பக்கத்துப் பத்தனை எனப்படும் புல்வெளிச் சரிவுகள் ஊறிக் கிடக்கும் காலத்தில், யாராவது ஒருவருடைய காணியில் கயிறு கட்டிப் பாதை பிரித்து, நுழைவுக் கட்டணத்தைத் தாங்களே சேர்த்துக்கொண்டு ஓடுகிற ஓட்டங்கள் அவை. வண்டிகளும் பந்தயத்துக்கென்று பிறந்தவை அல்ல. ஜப்பானில் ஓடி இங்கே வந்த ட்ரெயில் வண்டிகள்தாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து இவற்றின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறிப்போய்விட்டதால், "சாமான் என்னிடம் இருக்கிறது" என்று சொல்லக்கூடிய கராஜ்காரருக்கு முன்னால் நாங்கள் கைகட்டி நிற்க வேண்டிய நிலைதான் இருக்கிறது.

என்னுடையது ஹொண்டா எக்ஸ்ஆர் 250, காற்றினால் குளிரும் எஞ்சின். ஒயில் குறைகிறது, ஏற்றத்தில் இழுவை போதவில்லை என்று சொல்லித்தான் அதை ஒப்படைத்தேன். சிலிண்டரை 0.50 மில்லிமீட்டர் அளவுக்குப் போர் செய்து (உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி), அதே அளவில் புதிய பிஸ்டனும் அதைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் ரிங்ஸும் போட்டு, வால்வு வழியாக ஒயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல்களையும் மாற்றி, பின்சக்கரத்துக்குப் புதிய நொபி டயரும் (சேற்றைப் பிடிக்கும் கட்டிகள் கொண்டது) போட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். ஒரு இலட்சத்து முப்பதாயிரம் ரூபாய்க்கு எழுதித் தந்த பில்லில் இவை ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக இருந்தன. அந்தப் பில் இன்று எனக்குக் கைகொடுக்கிறது.

நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று இழுத்தடித்து, பொங்கலை ஒட்டி நடந்த போட்டிக்கு முந்திய மாலையில்தான் வண்டியைத் தந்தார்கள். இதைத் தற்செயலாக நடந்த தாமதமாக நான் இப்போது கருதவில்லை. புதிதாகப் போர் செய்த எஞ்சினை மெதுவாக ஓட்டிப் பழக்கி, ஒயிலை மாற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பது வெளிப்பட்டுவிடும். அதற்கு இடம் வைக்காமல் தருவது கராஜுக்குத்தான் வசதி. ஸ்டார்ட் செய்தவுடன் சைலன்சரில் நீலம் கலந்த புகை வந்தது. கேட்டதற்கு உரிமையாளர், "தம்பி, இந்தக் குளிருக்கும் உயரத்துக்கும் எல்லா வண்டியும் இப்படித்தான் புகைக்கும், ஓட ஓடச் சரியா வந்துரும்" என்றார்.

இந்தப் பதில் கெட்டிக்காரத்தனமானது, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். கீழ்நாட்டுக்கு ஏற்ற ஜெட்டோடு (பெற்றோலின் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) வரும் கார்புரேட்டர், இந்த மெலிந்த காற்றுக்குப் பெற்றோலைக் கூடுதலாக ஊற்றிவிடும் என்பதும், அதனால் வண்டி புகைக்கும் என்பதும் சரியே. ஆனால் அந்தப் புகை கறுப்பாக இருக்கும், பெற்றோல் மணக்கும், பிளக்கைக் கழற்றினால் உலர்ந்த கரி படிந்திருக்கும். குளிர் காலையில் சைலன்சரிலிருந்து எழும் வெண்மை வேறு வகை. அது நீராவி, எஞ்சின் சூடேறியதும் மறைந்துவிடும். சூடேறிய பிறகும் நின்று வருகிற நீலப்புகை, கருகிய ஒயில் நாற்றம், பிளக்கில் ஈரப்பிசுக்கான கறுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால், ரிங்ஸையோ வால்வு சீலையோ தாண்டி ஒயில் எரிகிறது என்று பொருள். குளிரோ உயரமோ ஒயிலை எரிய வைப்பதில்லை. எங்களுடைய காலநிலையைப் பற்றி எங்களுக்கே பாடம் எடுத்துத் தன்னுடைய வேலையின் குறையை அதற்குள் மறைப்பதுதான் இந்தக் கராஜின் கைவரிசை.

போட்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதற்சுற்றிலேயே ஏற்றத்தில் இழுவை விழுந்தது. அடுத்த சுற்றில் பிளக் ஒயிலில் நனைந்து, சரிவின் நடுவே எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் மூடுபனிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தவர்கள் கடைசி நொடியில் விலகிச் சென்றதால் உயிருக்கு ஆபத்து வரவில்லை. வண்டியைத் திருப்பிக் கீழே இறக்க முயன்றபோது பின்டயர் புல்லில் துளியும் பிடிக்காமல் வழுக்கி, வலது மணிக்கட்டில் அடிபட்டது. நுழைவுக் கட்டணமும் வண்டியை ஏற்றிச் சென்ற லொறிக் கூலியும் நட்டம்.

அதன் பிறகு வண்டியை அதே கராஜுக்குக் கொண்டுபோகாமல், பண்டாரவளையில் பல காலமாக லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டு சென்று, அவர் முன்னிலையில் படம் எடுத்துக்கொண்டே எஞ்சினைத் திறந்தோம். அளவு கூடிய பிஸ்டன்களின் தலையில் 0.25, 0.50 என்று எண் அடித்திருக்கும். கரியைச் சுரண்டிப் பார்த்தபோது என்னுடைய பிஸ்டனில் எந்த எண்ணும் இல்லை. இந்த எஞ்சினின் அசல் விட்டம் 73 மில்லிமீட்டர், 0.50 போர் செய்திருந்தால் அது 73.50 ஆகியிருக்க வேண்டும். அவர் அளந்தபோது சிலிண்டர் அசல் அளவில், அடிப்பக்கத்தைவிட மேற்பக்கம் சற்றுத் தேய்ந்து அகன்றதாக இருந்தது. புதிதாகப் போர் செய்து ஹோன் பிடித்த (கல்லால் தேய்த்து முடித்த) சிலிண்டரின் உட்சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் தெரியும். ஒயிலைப் பிடித்து வைத்து ரிங்ஸைப் படிய வைப்பவை அவையே. என்னுடைய சிலிண்டர் கண்ணாடி போல் வழவழத்தது. மாற்றியிருந்தது ரிங்ஸை மட்டுமே. தேய்ந்த சிலிண்டருக்குள் அவை படியாமல் போனதால், புகை முன்னிருந்ததைவிட அதிகமாயிற்று. வால்வு சீல்கள் கல்லாகிப்போன பழையவை.

டயர் விடயம் இதைவிட மோசமானது என்பது என் எண்ணம். எஞ்சின் நின்றால் வண்டி நிற்கும், டயர் பிடிக்காவிட்டால் ஆள் விழுவான். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். என்னுடைய "புதிய" டயரில் இருந்தது 2212, அதாவது 2012 ஆம் ஆண்டின் 22 ஆம் வாரம். நொபிகளின் தேய்ந்த விளிம்புகளைச் சூடான கத்தியால் சீவிக் கூராக்கி, பக்கச்சுவரில் பொலிஷ் பூசியிருந்தார்கள். துணியில் பெற்றோல் தொட்டுத் துடைத்ததும் மயிரிழை வெடிப்புகள் வரிசையாக வெளிப்பட்டன. பழைய றப்பர் தானாகவே இறுகிவிடும். தை மாதக் காலைக் குளிரில் இன்னும் இறுகும். ஆகவே குளிரைப் பற்றிக் கராஜ்காரர் எனக்கு உண்மையாகச் சொல்லியிருக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

படங்களோடு போய்க் கேட்டபோது, கராஜ் உரிமையாளர் சிலிண்டரை வெளியே ஒரு லேத்துக்கு அனுப்பியதாகவும் அவர்கள்தாம் ஏமாற்றியதாகவும் சொன்னார். எந்த லேத் என்று கேட்டு அங்கே விசாரித்தால், அப்படியொரு சிலிண்டர் தங்களிடம் வரவேயில்லை என்றார்கள். கழற்றிய பழைய பிஸ்டனைத் தாருங்கள் என்றதற்கு, அதைப் பழைய இரும்போடு போட்டுவிட்டதாகப் பதில் வந்தது. என்னுடைய எஞ்சினுக்குள்ளேயே இருந்த பிஸ்டனை அவர் எப்படி இரும்புக்குப் போட்டாரோ தெரியவில்லை.

இனி வேலைக்குக் கொடுப்பவர்கள் பழைய பாகங்களை முதல்நாளே கேட்டு வையுங்கள். பிஸ்டனைப் போடுவதற்கு முன் அதன் தலையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எஞ்சினைத் திறக்காமலேயே ஒரு சோதனை செய்யலாம்: பிளக் துளையில் அழுத்தமானி வைத்து அளந்து, பிறகு ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்தால், அழுத்தம் நன்றாக ஏறுமானால் குறை ரிங்ஸிலோ சிலிண்டரிலோ இருக்கிறது, ஏறாவிட்டால் வால்வுகளைப் பார்க்க வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருட்களுக்கு மட்டுமன்றி இத்தகைய சேவைகளுக்கும் பொருந்தும். ஆனால் சேவையைப் பெற்று மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஏப்ரல் வரை பார்க்கலாம் என்று விட்டால் தையில் செய்த வேலைக்குக் காலம் கடந்துவிடும். அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விபரம் கேட்கலாம்.

நான் பில்லின் பிரதியையும் படங்களையும் லேத் பெரியவரின் அளவுக் குறிப்பையும் இணைத்து முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். முறைப்பாட்டை மீளப் பெற்றால் டயர்ப் பணத்தைத் தருவதாகக் கராஜ்காரர் ஒரு பொது நண்பர் மூலம் சொல்லியனுப்பினார். எஞ்சின் வேலைக்கான பணத்தைப் பற்றிப் பேச்சில்லை என்பதால் நான் சம்மதிக்கவில்லை. இந்தப் பருவத்தில் நுவரெலியாப் பக்கம் 0.50 போர் என்று பில் வாங்கிய வேறு யாருடைய வண்டியாவது சூடேறிய பிறகும் நீலமாகப் புகைத்தால், தாமே திறக்காமல் ஒரு சாட்சியோடு திறந்து, படங்களை எனக்கு அனுப்புங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட முறைப்பாடுகள் இருந்தால் விசாரணையில் அதன் கனம் வேறு.